மூல ஓலை யாரிடம்?

(விழுப்புரத்தில் இலக்கிய அன்பர்கள் கூடிய ஒரு மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழைய சிநேகிதி ஒருத்தியின் மனத்தில் நம்மைப் பற்றிய ஆசை இருக்கிறதா இல்லையா என்று அறிவது எப்படி என்பதுதான் இன்று நான் பேசப்போகிற விஷயம் என்று சொன்னதும், இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் சற்றே நெளிந்து, தலை நரைத்தவர் பேசுவதற்குத் தகுந்த விஷயந்தானா இது என்று மெதுவாகக் கேட்டார். நான் அவருக்குச் சொன்ன சமாதானம் இதுதான்: திருவள்ளுவர் தம் நூலில் ஒரே பெயரை இரண்டு அதிகாரங்களுக்குச் சூட்டியிருக்கிறார், பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும் குறிப்பறிதல், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் குறிப்பறிதல். அரசவையில் நிற்கும் மந்திரிக்கு வேண்டிய அதே வித்தை காதலனுக்கும் வேண்டும் என்று அப்பெரியவரே கருதிய பிறகு, அதைப் பற்றிப் பேச எனக்கு என்ன வெட்கம்?

முதன்முதலாகக் கண்டு மயங்கும் காதலைப் பற்றி நான் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்து, அந்நாளில் உள்ளூர ஆசைப்பட்டு, வாய் திறந்து சொல்லாமலே விட்டுவிட்டு, பிறகு படிப்பென்றும் உத்தியோகமென்றும் ஆளுக்கொரு திசையாகப் போய், பல வருஷம் கழித்து எதிர்பாராத ஓரிடத்தில் சந்தித்து, விட்ட இடத்திலிருந்து சிநேகத்தைத் தொடர்கிற இரண்டு பேரைப் பற்றியே பேசுகிறேன். சென்னை, கடலூர், விருத்தாசலம், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கத்துத் தண்டவாளங்களும் வந்து கூடுகிற இந்த ஊரில், பிரிந்தவர் சந்திப்பதும் சந்தித்தவர் பிரிவதும் தினசரிக் காரியம். ஆகவே இவ்விஷயத்தைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த இரண்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். மந்திரி அரசனுடைய முகத்தைப் படிக்கிறான். அரசனுக்கு வேண்டியது எது என்று தெரிந்து அதைச் செய்வதற்காகப் படிக்கிறான். தனக்கென்று ஒரு விடையை முன்கூட்டியே விரும்பிக்கொண்டு அவன் படிப்பதில்லை. அத்தகையவனிடத்திலும் வள்ளுவர் எச்சரிக்கையோடுதான் பேசுகிறார். சந்தேகத்துக்கு இடமின்றிப் பிறர் உள்ளத்தை அறிய வல்லவனைத் தேவருக்குச் சமானமாக எண்ண வேண்டும் என்கிறார். அதாவது, சந்தேகமில்லாமல் அறிவது தேவ லட்சணம். மனிதராகிய நமக்குச் சந்தேகமே லட்சணம். இனி, காதலனோ அவள் முகத்தைப் படிக்கும்போதே தனக்கு வேண்டிய விடையை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டுதான் படிக்கிறான். வழக்கிலே வாதியாகவும் சாட்சியாகவும் நீதிபதியாகவும் ஒருவனே இருந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

110ஆம் அதிகாரத்தில் வருகிற குறிப்புகள் யாவை? நான் பார்க்கும்போது அவள் நிலத்தைப் பார்க்கிறாள். நான் பாராதபோது என்னைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள். யாரோ அந்நியரிடம் பேசுவதுபோலக் கடுமையாகப் பேசுகிறாள், ஆனால் அக்கடுமைக்குள் பகையில்லை. முன்பின் அறியாதவர்போல ஒருவரையொருவர் பொதுப்படப் பார்ப்பது காதலரிடத்திலே மட்டும் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்து யோசித்துப் பாருங்கள். காதலின் அடையாளமாக வள்ளுவர் காட்டுவது நெருக்கத்தை அல்ல, விலக்கத்தை; இயல்பான பேச்சை அல்ல, பேச்சிலே புதிதாக விழுந்த ஒரு முடிச்சை.

தொல்காப்பியரும் இதே வழியில்தான் போகிறார். பொருளதிகாரத்தின் ஆறாவது பகுதியாகிய மெய்ப்பாட்டியலில், முதலில் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, பிறகு காதல் வயப்பட்ட பெண்ணின் உடம்பிலே படிப்படியாகத் தோன்றும் குறிகளை வரிசைப்படுத்துகிறார். நெற்றியில் வியர்வை அரும்புகிறது, வருகிற சிரிப்பை அவள் மறைக்கிறாள், கூந்தல் அவிழ்கிறது, காதணி கழல்கிறது, உடுத்த ஆடையைத் திருத்தி உடுத்துகிறாள். நாடி பார்க்கிற வைத்தியரைப்போல அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் அந்த இலக்கணக்காரர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வள்ளுவர் காட்டும் தலைமகளும் தொல்காப்பியர் காட்டும் தலைமகளும் தலைமகனைப் புதிதாகக் கண்டவர்கள். பத்து வருஷம் பழகி, அவன் ரசாயனப் பரீட்சையில் அழுததையும் பார்த்துவிட்ட ஒருத்திக்கு அவனைக் கண்டவுடன் நெற்றி வியர்க்குமா?

பழகியவர்கள் மீண்டும் சந்திக்கிற கதைகளுக்கு நாம் வேறிடம் போக வேண்டும். அந்த இடம் வெகு தூரத்திலும் இல்லை. இங்கிருந்து விருத்தாசலம் மார்க்கத்தில் புறப்பட்டால் திருவெண்ணெய்நல்லூர் ரோடு என்று ஒரு ஸ்டேஷன் வருகிறதே, அந்தத் திருவெண்ணெய்நல்லூர்தான் கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர். மிதிலையில் இராமனும் சீதையும் கண்டுகொள்ளும் கட்டத்தில், பாற்கடலில் ஒன்றாயிருந்து பிரிந்தவர்கள் மறுபடி சேர்ந்தால் அவர்களுக்குள் பேச்சு எதற்கு என்று கம்பர் வியக்கிறார். பழைய உறவு என்பது அங்கே சந்தேகத்தைத் தீர்க்கும் சாட்சியாக நிற்கிறது. கவிதையில் அப்படி. வாழ்க்கையிலோ பழைய உறவுதான் சந்தேகத்துக்கே காரணம். அவள் சிரிப்பது என்னை விரும்பிச் சிரிப்பதா, என்றைக்கும் சிரித்த பழக்கத்தால் சிரிப்பதா என்று பழகியவனால்தான் சொல்ல முடிவதில்லை.

அதே திருவெண்ணெய்நல்லூரில் நடந்த இன்னொரு கதையைச் சேக்கிழார் சொல்கிறார். திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குப் புத்தூரில் மணப்பந்தலில் கல்யாணம் நடக்கவிருக்கும் வேளையில், கிழவேதியர் ஒருவர் வந்து, இவன் எனக்கு வழியடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்று வழக்காடுகிறார். எதிரே நிற்பவர் தமக்கு மிகப் பழைய உறவினராகிய இறைவனே என்பது சுந்தரருக்குத் தெரியவில்லை. பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் விடுகிறார். கிழவரோ கலங்காமல், நீ கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் என்னிடம் இருக்கிறது என்கிறார். அவ்வூரில் சபை கூடுகிறது. சபையோர் கிழவரின் முகத்தைப் பார்த்தும் தீர்ப்புச் சொல்லவில்லை, சுந்தரரின் கோபத்தைப் பார்த்தும் சொல்லவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்த்து, ஒன்றே கை என்று கண்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

பக்தி நூலில் வருகிற இந்தச் சம்பவத்தைக் காதல் விவகாரத்துக்கு இழுப்பதைப் பெரியோர் மன்னிக்க வேண்டும். எனக்கு இதில் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, ஒருவருடைய எழுத்தை அவருடைய வேறோர் எழுத்தோடு ஒத்துப் பார்த்தே அறிய வேண்டும். மற்றொன்று, நம் கையில் அகப்படுவது படியோலையே. மூல ஓலை எதிராளியிடம் இருக்கிறது.

இதைத் திண்டிவனத்து இளைஞர் ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு விளக்குகிறேன். பெயர் வேண்டாம். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர், சீசன் டிக்கெட்காரர். பன்னிரண்டாம் வகுப்பில் அவரோடு படித்த பெண், அந்நாளில் அவர் மனத்தை ஆட்கொண்டிருந்தவள், வெளியூரில் படித்துத் திரும்பி, எட்டு மாதமாக ஒலக்கூரில் ஏறி அதே காலை வண்டியில் விழுப்புரத்துக்கு வேலைக்கு வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, அவளுக்கு என்மேல ஒரு இது இருக்குதுன்னு நெனைக்கிறேன்" என்று ஆரம்பித்து, விரல் விட்டு எண்ணியபடி குறிப்புகளை அடுக்கினார். தினமும் பையை வைத்து இடம் பிடித்துத் தருகிறாள். வீட்டில் வறுத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிறாள். "சாப்டியாடா" என்று கேட்கத் தவறுவதில்லை. இரவு பதினோரு மணிக்குச் செய்தி அனுப்பினாலும் அடுத்த நிமிஷமே வாட்ஸாப்பில் நீலக் குறி விழுந்து பதிலும் வந்துவிடுகிறது. வீட்டுக் கஷ்டங்களை மறைக்காமல் சொல்கிறாள்.

நான் அந்தச் சபையோரின் முறையைப் பின்பற்றினேன். "தம்பி, எத்தனை பேருக்கு இடம் பிடிக்கிறாள்?" கொஞ்ச நேரம் யோசித்து, அலுவலகத் தோழிகள் இருவருக்கும், பேரணியில் கூடையோடு ஏறும் ஒரு பாட்டிக்கும் சேர்த்துத்தான் என்றார். மல்லாட்டை? பெட்டி முழுவதும் சுற்றி வருமாம். சாப்பிட்டாயா என்ற கேள்வியை அவள் ஒருமுறை டிக்கெட் பரிசோதகரிடமே கேட்டாளாம். இரவுப் பதில்கள்? மற்றத் தோழிகளுக்கும் அவள் அந்நேரத்தில் விழித்திருப்பவள்தான். இப்படி ஒவ்வோர் எழுத்தையும் அவளுடைய வேறோர் எழுத்தோடு ஒத்துப் பார்க்கப் பார்க்க, அது இவருக்கென்று எழுதிய ஓலையாக நிற்கவில்லை. நல்ல மனமுடைய ஒரு பெண் உலகத்துக்கே எழுதிய ஓலையாகத் தெரிந்தது.

இந்த மயக்கம் இவருக்கு மட்டும் உரியதன்று. 1982இல் அமெரிக்க உளநூலார் அன்டோனியா ஆபி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்: முன்பின் அறியாத ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சற்று நேரம் பேசவிட்டு, வேறோர் ஆணும் பெண்ணும் அதை மறைவாகக் கவனிக்கும்படி செய்தார். ஒரே சம்பாஷணையைக் கண்ட பெண்கள் சிநேகபாவம் என்று கண்ட இடத்தில், ஆண்கள் இச்சையின் சாயலைக் கண்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1822இல், பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் காதலைப் பற்றி எழுதிய நூலில் ஓர் உவமை சொன்னார்: சால்ஸ்பர்க் உப்புச் சுரங்கத்தில் போட்ட மொட்டைக் கிளையைச் சில மாதங்கழித்து எடுத்தால், உப்புப் படிகங்கள் மூடி வைரம் பதித்ததுபோல மின்னும், காதலிப்பவன் தன் கற்பனையால் அப்படித்தான் எதிராளியை மூடிவிடுகிறான். சில மாதத்தில் அவ்வளவு படிகம் படியுமானால், பள்ளிக்கூடத்திலிருந்து பத்து வருஷம் சுரங்கத்திலே கிடந்த கிளையின் கதி என்ன?

நான் பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "முன்னே இல்லாதது ஏதாவது புதிதாக உண்டா? அல்லது முன்னே இருந்தது ஏதாவது நின்றுவிட்டதா?" அவர் தயங்கினார். "பத்து நாளா 'டா' போடறதில்லைங்க. 'வாங்க, உக்காருங்க'ங்குறா. கிண்டல் பண்றான்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்கு உள்ளம் துள்ளியது. இதுவல்லவா 110ஆம் அதிகாரம்! பழகியவர்களிடையே நெருக்கம் குறிப்பாகாது, புதிதாகத் தோன்றிய அந்நியமே குறிப்பு என்று நான் பல வருஷமாக நினைத்து வந்ததற்கு, 'நீ' என்பது 'நீங்க' ஆகிவிட்ட இந்த ஒரு மாற்றத்தைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? நம்முடைய பாஷையில் ஒரு பெண் ஓர் ஆணை 'டா' என்பதிலிருந்து 'வாங்க' என்பதற்கு வந்து சேருவது ஒரு நெடும்பயணம். நம் பாட்டிமார்கள் கல்யாணத்தன்று காலையில் அதைச் செய்து முடித்திருக்கிறார்கள். நான் குறளை விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. ஆயினும், வயசு கற்றுக்கொடுத்த ஓர் எச்சரிக்கையால், "உங்கள் ஊர் மல்லாட்டைச் செடியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

அது என்ன யோசனை என்கிறீர்களா? திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று பெயர் வைத்தார்களே, அந்த எழுத்துகளில் இருப்பது திண்டிவனத்தின் பெயர்தான். அந்தச் செடியின் சுபாவம் விசித்திரமானது. மஞ்சள் பூ தரைக்கு மேலே எல்லாரும் பார்க்கப் பூக்கிறது. பூ வாடியதும் அதிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, இருட்டிலே காயாகிறது. மேலே நின்று பூவை எண்ணுகிறவனுக்குக் கீழே காய் எத்தனை, முற்றியதா பிஞ்சா என்று தெரியாது. இலை பழுத்திருப்பதைக் கண்டு ஊகிக்கலாம், ஊகம் பொய்த்தும் போகலாம். ஆகவே குடியானவன் என்ன செய்கிறான்? அவசரப்பட்டு வயல் முழுவதும் பறித்துவிடுவதில்லை. பறிக்கப் பயந்து மழையிலே முளைக்கவிடுவதும் இல்லை. ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறான். ஒரு செடி, ஒரு கேள்வி.

எப்படிக் கேட்பது, எங்கே கேட்பது என்பதிலும் நாகரிகம் உண்டு. ஓடுகிற வண்டியில், நான்கு பேர் நடுவில், அவள் எழுந்து போக முடியாத இடத்தில் கேட்பவன் கேட்கவில்லை, வளைத்துப் பிடிக்கிறான். அதன் பலன் வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் பேசுகிற அலர், அதாவது ஊர்ப்பேச்சு. அந்த அலரில் அதிகம் துன்பப்படுபவள் அவளே. மௌனம் சம்மதம் என்ற பழமொழியையும் இவ்விஷயத்தில் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். பழைய சிநேகிதனின் மனத்தை நோகடிக்கக் கூடாதே என்று வாயடைத்து நிற்பவளின் மௌனம் சங்கடமேயன்றிச் சம்மதம் ஆகாது. கண்கள் ஒத்துவிட்டால் வாய்ச்சொல்லுக்கு வேலையில்லை என்று வள்ளுவரே சொன்னாரே என்பீர்கள். ஒத்துவிட்டால் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். ஒத்ததா என்பதை ஒரு கண்ணே தீர்மானிக்க முடியாது.

நம் இளைஞர் இந்த நாகரிகம் அறிந்தவர். ஒரு மாலை, விழுப்புரம் நிலையத்தில், வண்டி வருவதற்குச் சற்று முன், வேண்டுமானால் அவள் வேறு பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்ற சௌகரியம் இருக்கும்போது, கேட்டார். "எனக்கு உன்மேல ஆசை உண்டு. உனக்கு இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. நாளைக்கும் நான் அதே வண்டியிலதான் வருவேன், அதே மாதிரிதான் பேசுவேன்." அவள் சற்று நேரம் சிக்னல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு, "வீட்டுல ஒரு எடம் முடிவாயிடுச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன். அவங்க முன்னாடி வாய் தவறி 'டா'ன்னு வந்துடக் கூடாதேன்னுதான் இப்பவே 'வாங்க'ன்னு பழகிக்கிட்டிருக்கேன்" என்றாளாம்.

அன்பர்களே, இந்த இடத்தில் தோற்றவர் அந்த இளைஞர் அல்ல, நான். இரண்டு குறிப்பறிதலையும் கையில் வைத்துக்கொண்டு, மெய்ப்பாட்டியலையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, திண்ணையில் சாய்ந்தபடி நான் செய்த வியாக்கியானம் பாதி சரி, பாதி பிழை. மாற்றமே குறிப்பு என்றது சரி. ஆனால் மாற்றம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது என்று அது சொல்வதில்லை. நெருங்கி வருகிறவளும் அந்நியப்படுகிறாள். விலகிப் போகிறவளும் அந்நியப்படுகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே 'வாங்க'தான்.

ஒருபக்க அன்பைத் தொல்காப்பியர் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார். ஆயினும் ஏழு திணைகளின் வரிசையில் முதலில் வைத்தார். ஐந்திணையின் சிறப்பு அதற்கு இல்லையென்றாலும், அதை இழிந்ததென்று அவர் தள்ளிவிடவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிலை மரியாதையோடு ஏற்றுக்கொண்டு, ஒதுங்கி நிற்கத் தெரிந்தவனுக்கு அங்கே கௌரவமான ஓரிடம் உண்டு. ஆண் பெண்ணைப் படிப்பதாகவே நான் பேசிவந்தேன். பெண் ஆணைப் படிக்கும்போதும் நியாயம் இதுவே. அவன் வீடுவரை கொண்டுவந்து விடுவது காதலாலா, நல்ல வளர்ப்பாலா என்று அவளும் அவனுடைய மற்ற எழுத்துகளோடு ஒத்துப் பார்க்கத்தான் வேண்டும். முடிவில் அவளும் கேட்கத்தான் வேண்டும்.

அந்த இளைஞர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். என் வியாக்கியானத்தை நம்பி, கல்யாணப் பத்திரிகை கைக்கு வரும்வரை ஒவ்வொரு 'வாங்க'வையும் தமக்கு அனுகூலமாக வரவு வைத்து, இல்லாத ஒரு கணக்கை எழுதிக்கொண்டே போயிருப்பார். என்னுடைய புலமை அவருக்குச் செய்த உபகாரம் ஒன்றுமில்லை. அவருடைய ஒரு கேள்வி செய்தது.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் என் திண்ணைக்கு வந்தார். முகம் வாடித்தான் இருந்தது. நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள், அவளிடம் கேட்டதற்கு மறுநாள் காலையில் நடந்ததை அவரே சொன்னார். திண்டிவனத்தில் வண்டி நின்றதும், எந்தப் பெட்டியில் ஏறுவது என்று தெரியாமல் பிளாட்பாரத்தில் ஒரு கணம் தயங்கி நின்றாராம். வழக்கமான ஜன்னலிலிருந்து அவள் குரல் கேட்டதாம்: "என்னடா நிக்கறே? ஏறு, வண்டி எடுக்கப் போறான்." ஏறிப் பார்த்தால், அந்தப் பை அதே இடத்தில் இருந்ததாம்.

அந்த 'டா'வுக்கு என்ன அர்த்தம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மூல ஓலை என்னிடம் இல்லை.